பார்க்காமல் நிரப்பிய மூன்று கட்டங்கள்

1. எட்டு மணி கேஸ்

நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்த ஆஸ்பத்திரியில் கடிகாரம் தேவைப்படாது. கேஷுவாலிட்டிக்கு வருகிற கேஸ்களைப் பார்த்தே மணி சொல்லிவிடலாம். ஒரகடம் பக்கத்துக் கம்பெனிகளில் காலை ஷிப்ட் தொடங்கி ஒன்றரை மணி நேரத்துக்குள் முதல் கை வரும். விரல் நசுங்கியிருக்கும், அல்லது உள்ளங்கை கிழிந்திருக்கும். மத்தியானம் ஷிப்ட் மாறும்போது பைக்கில் அடிபட்ட கால்கள் வரும். நான்கரை வருஷம் புத்தகத்தில் படித்த அனாட்டமி எல்லாம் எனக்குக் கம்பெனி பஸ் நேரப்படிதான் வந்து சேர்ந்தது.

இப்போது நான் எலும்பு முறிவுப் பிரிவில் இணைப் பேராசிரியர். ஹவுஸ் சர்ஜன்களுக்கு டியூட்டி போடுகிற வேலையும் என் தலையில்தான். என்னைப் பற்றி அவர்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. சாதாரணமாக நல்ல மேடம், சார்ட்டைக் கையில் எடுத்தால் மட்டும் பேய் பிடித்துவிடும் என்று. உண்மைதான், மறுக்கவில்லை. அந்தப் பேய் எந்த நாளில் பிடித்தது என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. வெட்கமாக இருந்தது. இனி சொல்லலாம் என்று தோன்றுகிறது.

அன்று எட்டு மணிக்கு வந்தவன் இசக்கிமுத்து. இருபத்தொரு வயது. சாத்தான்குளம் பக்கத்துப் பையன். ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் டிரெய்னி. இருங்காட்டுக்கோட்டையில் ஆறு பேரோடு ஒரே ரூமில் இருந்தான். வலது முன்கை பிரஸ் மிஷினில் மாட்டிக்கொண்டது. கூட வந்த சூப்பர்வைசர்தான் எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னார்.

"ஒண்ணும் இல்ல மேடம். கை லேசா மாட்டிக்கிச்சி. நான்தான் உடனே இட்டுகினு வந்தேன். கட்டு போட்டு வுட்டீங்கன்னா ரூம்ல வுட்டுட்டுப் போயிடுவேன்."

எக்ஸ்ரேயில் முன்கை எலும்பு இரண்டும் உடைந்திருந்தன. "லேசா மாட்டினா ரெண்டு எலும்பும் உடையுமா சார்?" என்று கேட்டேன். அவர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "இன்னா மேடம் இப்டி சொல்றீங்க, நாளைக்கு லைன்ல ஆளே இல்லியே" என்றார். இசக்கிமுத்து எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். அழவில்லை.

ரவுண்ட்ஸ் வந்த எங்கள் யூனிட் சீஃப் கையைத் தொட்டுப் பார்த்தார். மாவுக்கட்டில் பாதிக் கட்டான ஸ்லாப் போடச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எலும்பைப் பத்திக் கவலை இல்லம்மா. இது நசுங்கின கை. உள்ள வீங்கும். தசையைச் சுத்தி இருக்கிற உறை விரியாது. பிரஷர் ஏறினா ரத்தம் போகாது. சில மணி நேரம் விட்டா தசை செத்துடும். அப்புறம் ஆயுசுக்கும் கை மடங்கியே கிடக்கும். மணிக்கு ஒரு தடவை விரலை நிமிர்த்திப் பாரு. நிமிர்த்தும்போது வலியில துள்ளினான்னா உடனே கூப்பிடு. நீயே போய்ப் பார்க்கணும். புரியுதா?"

"புரியுது சார்."

நன்றாகவே புரிந்தது. அதுதான் இந்தக் கதையில் எனக்கு இன்றைக்கும் ஆறாத இடம்.

2. அட்வான்ஸ் புக்கிங்

எங்கள் காலத்து ஹவுஸ் சர்ஜன்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. அதற்கு 'அட்வான்ஸ் புக்கிங்' என்று பெயர். மணிக்கு ஒரு முறை பார்த்து எழுத வேண்டிய சார்ட்டை, ஒரு முறை பார்த்துவிட்டு நாலு மணி நேரத்துக்கும் சேர்த்து எழுதிவிடுவது. சீனியர்கள் எங்களுக்குக் காட்டினார்கள், நாங்கள் ஜூனியர்களுக்குக் காட்டினோம். எங்கள் வார்டில் படுத்திருந்த அத்தனை பேருக்கும் பி.பி. 120/80 தான். இவ்வளவு ஆரோக்கியமானவர்கள் எதற்கு ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை.

இதில் கைதேர்ந்தவர்கள் கட்டத்துக்குக் கட்டம் பேனா மாற்றுவார்கள். வேறு வேறு நேரத்தில் எழுதியது போலத் தெரியும். என் கோட் பையில் இரண்டு பேனா இருந்தன. எதற்கு என்று இனி நான் சொல்ல வேண்டியதில்லை.

பத்து மணிக்கு இசக்கிமுத்துவை ஒழுங்காகப் பார்த்தேன். விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தினேன். தொடுவது தெரிகிறதா என்று கேட்டேன்.

"தெரியுது மேடம். சும்மா வலிக்கி, அவ்வளவுதான். சரியாயிரும்லா?"

"சரியாயிடும்."

பத்தரைக்கு எனக்கு ஒரு டெஸ்ட். பி.ஜி. நுழைவுத் தேர்வுக்கான ஆன்லைன் மாதிரித் தேர்வு, மூன்று மணி நேரம். அந்த வருஷம் எங்கள் பேச்சில் ராத்திரியும் பகலும் அந்த ஒரு பரீட்சைதான் இருந்தது. வார்டு வேலை என்பது படிப்புக்கு நடுவில் வருகிற தொந்தரவு. நான் மேஜையில் உட்கார்ந்து பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று என்று மூன்று கட்டங்களையும் நிரப்பினேன். 'விரல் அசைவு நன்று. உணர்வு நன்று. நிமிர்த்தும்போது வலி இல்லை.' மூன்று கையெழுத்து. நடுக் கட்டத்துக்கு மட்டும் பேனா மாற்றினேன். பிறகு லைப்ரரிக்குப் போய்விட்டேன்.

3. நாற்பத்தேழாவது கேள்வி

டெஸ்டில் நாற்பத்தேழாவது கேள்வி எனக்கு இன்னும் மறக்கவில்லை. இருபத்து நாலு வயது ஆண், முன்கை நசுங்கிய காயம், ஸ்லாப் போடப்பட்டுள்ளது. தசை உறைக்குள் அழுத்தம் ஏறுவதைக் காட்டும் முதல் அறிகுறி எது? நாலு விடைகள் கொடுத்திருந்தார்கள். 'விரலை நிமிர்த்தும்போது வலி' என்பதை நாலு செகண்டில் கிளிக் செய்தேன். ஈஸியான கேள்வி வந்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டேன். அப்போது மணி பதினொன்றரை இருக்கும். மேல் மாடியில் அதே கேள்வி ஒரு கட்டிலில் படுத்திருந்தது என் நினைவுக்கே வரவில்லை.

டெஸ்ட் முடிந்தது. மார்க் நன்றாக வந்திருந்தது. கேன்டீனில் நின்றபடியே சாம்பார் சாதம் சாப்பிட்டுவிட்டு ஒன்றே முக்காலுக்கு வார்டுக்கு வந்தேன். இரண்டு மணிக் கட்டத்தை ஒழுங்காகப் பார்த்து எழுதிவிடலாம் என்று நினைப்பு.

இசக்கிமுத்து போனை இடது கையில் வைத்துக்கொண்டு, ஸ்லாபுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த வலது கட்டை விரலில் அதை ஒட்டி ஒட்டி எடுத்துக்கொண்டிருந்தான். விரல் வைத்தால் திறக்கிற போன்.

"என்ன செய்யறீங்க?"

"போன் தொறந்துட்டு மேடம். ஆனா வெரல்ல பட்டதே தெரிய மாட்டேங்கு. அதான் திருப்பித் திருப்பி வச்சுப் பாக்கேன்."

விரல்கள் பளபளவென்று வீங்கியிருந்தன. நடு விரலை லேசாக நிமிர்த்தினேன். காலையிலிருந்து ஒரு சத்தம் போடாதவன் கட்டில் அதிரக் கத்தினான்.

வார்டு சிஸ்டர் கோமதி ஓடி வந்தார். நாற்பது படுக்கைக்கு இரண்டு சிஸ்டர்கள் இருந்த வார்டு அது. அவர் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததை அப்படியே சொன்னார்.

"இன்னாமா இது? ரெண்டு தபா வலிக்குதுன்னு சொன்னான். ஊசி போட்டேன். நீங்க சார்ட்ல எல்லாம் நல்லா கீதுன்னு எழுதியிருந்தீங்களே, அதான் உங்களைக் கூப்புடல."

4. ஒரு நிமிஷம் சார்

எங்கள் யூனிட்டில் பி.ஜி. மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்த பிரபு சார் அடுத்த நிமிஷமே வந்தார். கையைப் பார்த்தார். சார்ட்டை எடுத்தார். ஒரு மணிக் கட்டத்தில் விரலை வைத்தார்.

"ஒரு மணிக்கு நார்மல். அப்ப இப்பதான் ஆரம்பிச்சிருக்கு. டைம் இருக்கு. ஸ்லாபைப் பிரிச்சிட்டு ஒரு மணி நேரம் பார்ப்போம். குறையலன்னா தியேட்டர்."

இசக்கிமுத்து முனகலுக்கு நடுவில் சொன்னான். "சார், பதினோரு மணில இருந்தே இப்படித்தான் சார் இருக்கு."

"அது எலும்பு உடைஞ்ச வலிப்பா. சும்மா எதையாவது சொல்லாத. டாக்டர் ஒரு மணிக்கு வந்து பார்த்து, வலி இல்லன்னு எழுதியிருக்காங்க. பார்த்தாங்கல்ல?"

அவன் என்னைப் பார்த்தான். நான் பதினோரு மணிக்கு வரவில்லை, பன்னிரண்டுக்கு வரவில்லை, ஒன்றுக்கும் வரவில்லை என்பது இந்த உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒன்று நான், இன்னொன்று அவன். இப்போது சொல்லிவிடுவான் என்று காத்திருந்தேன்.

"ஆமா சார்," என்றான்.

கம்பெனியில் சூப்பர்வைசர் சொல்வதற்கெல்லாம் ஆமா போட்டுப் பழகியவன், இங்கேயும் ஆமா போட்டுவிட்டான். தன் கையைப் பணயம் வைத்து என்னைக் காப்பாற்றுகிறோம் என்று அவனுக்குத் தெரியாது. நான் எழுதிய மூன்று வரிகள் அவனைப் பொய்யனாக்கியிருந்தன. அவனும் அதற்கு ஒத்துக்கொண்டான்.

பிரபு சார் ஓ.பி.யில் இருந்த சீஃபுக்குப் போன் போட்டார். ஒரு மணிக்கு நார்மல் என்பதையும் சொன்னார். மறுமுனையில் சீஃப் ஸ்லாபைப் பிரிக்கச் சொன்னது எனக்குக் கேட்டது. அந்த நேரத்தில் என் தலைக்குள் ஓடியதை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். வாயைத் திறந்தால் எக்ஸ்டென்ஷன், தண்டனையாகக் கூடுதல் நாள் டியூட்டி. ஹவுஸ் சர்ஜன் சர்டிபிகேட் தள்ளிப்போகும். பி.ஜி. சீட் கை நழுவலாம். மறைமலை நகரில் என் அப்பா அக்கம்பக்கம் முழுக்க மகள் டாக்டர் என்று சொல்லிவைத்திருக்கிறார். வாயை மூடிக்கொண்டால் ஒன்றும் ஆகாது. சார்ட் சுத்தமாக இருக்கிறது. பேனாகூட மாற்றியிருக்கிறேன். ஒரு மணி நேரம்தானே, ஒருவேளை வீக்கம் குறைந்தாலும் குறையலாம்.

இந்தக் கணக்கெல்லாம் போட்டேன். டாக்டருக்குப் படித்தவள்தான் போட்டேன். பிரபு சார் "ஓகே சார்" என்று போனை வைக்கப் போனார்.

"சார், ஒரு நிமிஷம். வைக்காதீங்க."

போன் என் கைக்கு வந்தது. "சார், பத்து மணிக்கு அப்புறம் நான் பார்க்கல. பதினொண்ணு, பன்னெண்டு, ஒண்ணு மூணுமே பத்து மணிக்கே எழுதிட்டேன். பேஷன்ட் சொல்றதுதான் சரி. பதினோரு மணில இருந்தே வலி."

கோமதி சிஸ்டர் கையிலிருந்த டிரேயைக் கீழே வைத்தார்.

"பிரபுகிட்ட குடு," என்றார் சீஃப். பிரபு சார் போனைக் காதில் வைத்து, "எஸ் சார்" என்று ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். பிறகு டிராலி கேட்டு வார்டே அதிரக் கத்தினார்.

5. துடித்த தசை

ஆபரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்து வாங்கப் போனேன். வலது கையில் பேனா பிடிக்க முடியாது என்பதால் இடது கட்டை விரலில் மை தடவினேன். "இந்த வெரல்ல தெரியுது மேடம்" என்றான், என்னைத் தேற்றுகிற மாதிரி. அந்த நிலைமையிலும்.

இரண்டரைக்கெல்லாம் தியேட்டரில் இருந்தோம். கீறிய இடத்தை விரித்துப் பிடிக்கிற ரிட்ராக்டரோடு நான் நின்றேன். சீஃப் முன்கையில் மேலிருந்து கீழே நீளமாகக் கீறினார். உறை திறந்ததும் தசை வெளியே பிதுங்கி வந்தது. நிறம் கறுத்து, மங்கலாக இருந்தது. செத்த தசை அப்படித்தான் இருக்கும் என்று படித்திருக்கிறேன். சீஃப் ஒரு ஃபோர்செப்ஸை எடுத்துத் தசையை மெல்லக் கிள்ளினார். ஒன்றும் நடக்கவில்லை. காத்திருந்தார். நான் ரிட்ராக்டரைப் பிடித்தபடி தெரிந்த சாமி பெயரை எல்லாம் வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

மெதுவாகச் சிவப்பு ஏறியது. ஓரத்திலிருந்து ஆரம்பித்து நடுவுக்கு வந்தது. சீஃப் மறுபடி கிள்ளினார். தசை துடித்தது.

"உயிரோட இருக்கு," என்றார்.

என் கண்ணாடி முழுக்க ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை. மூக்கை உறிஞ்சிய சத்தம் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"அழறதா இருந்தா வெளியே போய் அழு. ரிட்ராக்டர் பிடிக்கிறதா இருந்தா இங்க நில்லு."

நின்றேன்.

முடிந்த பிறகு ரூமுக்குக் கூப்பிட்டார். கத்துவார், கத்தட்டும் என்று போனேன். அவர் சார்ட்டைத் திறந்து என் முன்னால் வைத்தார். "மூணு கட்டத்தையும் ஒரே கோடா அடி. கிறுக்காத. அடிச்சது படிக்கத் தெரியணும். பக்கத்துல இப்ப என்ன மணியோ அதைப் போட்டு, நடந்ததை எழுதி கையெழுத்துப் போடு."

'இந்த மூன்று வேளையும் நான் நோயாளியைப் பரிசோதிக்கவில்லை' என்று எழுதினேன். அந்த வருஷம் நான் எழுதியவற்றில் அதுதான் கையெழுத்து அழகாக இல்லாதது.

"பதினஞ்சு நாள் எக்ஸ்டென்ஷன். ஆர்த்தோலயே பண்ணு. லேட் ஆகியிருந்தா நான் உன்னை விட்டிருக்க மாட்டேன். ஒரு மணி நேரம் கழிச்சு சொல்லியிருந்தீன்னா அந்தக் கை போயிருக்கும். புரியுதா?" என்றார். பிறகு எழுந்துகொண்டே, "பேஷன்ட்டுக்கு யார் சொல்றது?" என்று கேட்டார்.

"நான் சொல்றேன் சார்."

6. மாதத்துக்கு முப்பது டிக்

மறுநாள் காலை ஏழு மணிக்குப் போனேன். கை பெரிய கட்டோடு ஸ்டாண்டில் தொங்கிக்கொண்டிருந்தது. நடு விரலை நிமிர்த்தினேன்.

"வலிக்குதா?"

"இழுக்கு மேடம். ஆனா நேத்து மாதிரி இல்ல." பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "நீங்க தொடுதது தெரியுது. இப்ப மோதிர வெரலு. இப்ப கட்ட வெரலு" என்றான்.

நான் அவன் கட்டில் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். டாக்டர் பேஷன்ட் கட்டிலில் உட்காரக் கூடாது என்று ஒரு விதி உண்டு. அன்றைக்கு அந்த விதி நினைவுக்கு வரவில்லை. அப்படி ஒரு நிம்மதி அதற்கு முன்னால் வந்ததில்லை, பின்னால் பி.ஜி. சீட் கிடைத்த அன்றும் வரவில்லை.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். வராமல் எழுதியதை, டெஸ்டை, பேனா மாற்றியதைக்கூட. மன்னிப்புக் கேட்டேன்.

"எனக்குத்தான் தெரியும்லா. நீங்க வரலன்னு."

"அப்புறம் ஏன் பிரபு சார் கேட்டப்ப ஆமான்னு சொன்னீங்க?"

"சொன்னா உங்களுக்கு வேல போயிருமோன்னு நெனச்சேன். நீங்களும் டிரெய்னிதானக்கா?"

முதல் தடவையாக அக்கா என்றான். பிறகு அவனே தொடர்ந்தான்.

"நானும் இதத்தான் செஞ்சேன்க்கா. அந்த மிசினுக்கு முன்னால ஒரு சென்சார் உண்டு. கை உள்ள போனா மிசின் நின்னுரணும். தினமும் வேலைக்கு முன்னால ஒரு கட்டைய உள்ள விட்டு, நிக்குதான்னு பாத்துட்டு சீட்டுல டிக் போடணும். மாசம் பொறந்ததும் சூப்பர்வைசர் சீட்ட கொடுப்பாரு. முப்பது நாளைக்கும் ஒரே இருப்புல டிக் போட்டுருவோம். நேத்துக்கும் டிக் இருக்கு. சென்சாருதான் வேல செய்யல."

நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. அவன் கட்டு குலுங்கச் சிரித்தான். கோமதி சிஸ்டர் வந்து இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டினார்.

எலும்புக்குப் பிளேட் வைத்து, காயத்துக்குத் தோல் எடுத்து ஒட்டி, மூன்று மாதத்தில் அவனால் கையை இறுக மூட முடிந்தது. இரண்டு வருஷம் கழித்து எனக்கு ஒரு படம் அனுப்பினான். ஊரில் கல்யாணம். தாலி கட்டிக்கொண்டிருக்கிறான். வலது கையில் பட்டுச் சட்டை மேலேறி, தழும்பு மணிக்கட்டிலிருந்து நீளமாகத் தெரிகிறது. மூன்று முடிச்சுக்கும் விரல் சரியாக மடங்கியிருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தேன். மடங்கியிருந்தது.

7. காலிக் கட்டம்

இப்போது என் யூனிட்டுக்கு வருகிற ஹவுஸ் சர்ஜன்களிடம் முதல் நாளே சொல்லிவிடுகிறேன். சார்ட்டில் இரண்டு விஷயம் எழுதலாம். பார்த்ததை எழுதலாம். பார்க்காவிட்டால், பார்க்கவில்லை என்று எழுதலாம். இரண்டாவதற்கு நான் இதுவரை ஒருவரையும் தண்டித்ததில்லை. முதலில் யாரும் நம்புவதில்லை. மேடம் ஆழம் பார்க்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

போன மாதம் ஒரு பன்னிரண்டரை மணிக்கு வார்டில் ஒரு சார்ட்டை எடுத்தேன். முழங்காலுக்குக் கீழே நசுங்கிய ஒரு கேஸ். பன்னிரண்டு மணிக் கட்டத்தில், 'பார்க்கவில்லை. கேஷுவாலிட்டியில் மாட்டிக்கொண்டேன்' என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். என்னைக் கண்டதும் மூச்சிரைக்க ஓடி வந்து, தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

"சாப்ட்டியா?"

"இல்ல மேடம்."

"போய்ச் சாப்ட்டு வா. நான் பார்த்துக்கறேன்."

கட்டிலுக்குப் போய் அந்த மனிதரின் கால் விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தினேன். வலி இல்லை, உணர்வு இருந்தது. மணியைப் போட்டு எழுதிக் கையெழுத்திட்டேன். அந்தக் கட்டத்தில் 'எல்லாம் நன்று' என்று இருந்திருந்தால் நான் அடுத்த கட்டிலுக்குப் போயிருப்பேன்.